கம்பியில் சுட்ட கறி: எந்தத் துறைமுகத்தில் என்ன சொல்லிக் கேட்பது

நான் சரக்குக் கப்பலில் சீஃப் குக். சொந்த ஊர் தூத்துக்குடி. கப்பலைத் துறைமுகத்தில் கட்டிய பிறகு எனக்குக் கரையில் கிடைப்பது சாயங்காலம் சில மணி நேரம்தான். பெரிய ஓட்டலில் உட்கார்ந்து மெனு புரட்ட அந்த நேரம் போதாது. துறைமுக வாசலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் கரிப்புகை வருகிறது என்று பார்ப்பேன், அங்கே நடப்பேன். கறியைத் துண்டு போட்டுக் குத்தி நெருப்பில் காட்டுவது ஏறக்குறைய எல்லா நாட்டிலும் உண்டு. பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதிலும் வில்லங்கம் என்னவென்றால், ஒரே பெயர் பக்கத்து ஊரில் வேறொன்றைக் குறிக்கும். புதிதாகக் கப்பலுக்கு வரும் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சுற்றுலா போகிறவர்களுக்கும் உதவும்.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பெயர் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். சில ஊரில் அது குச்சியைச் சொல்லும். சில ஊரில் நெருப்பை, சில ஊரில் கறித் துண்டை. பெயர் எதைச் சொல்கிறதோ அதற்கு மட்டும்தான் கடைக்காரர் பொறுப்பு. மற்றதை எல்லாம் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். குச்சி என்று பெயர் இருந்தால் என்ன கறி என்று கேளுங்கள். நெருப்பு என்று இருந்தால் குச்சியில் வருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

குச்சியைச் சொல்லும் பெயர்கள்

கிரீஸில் சூவ்லா என்றால் கம்பி, சூவ்லாகி என்றால் சின்னக் கம்பி. ரஷ்யா, உக்ரைன் பக்கம் ஷஷ்லிக். துருக்கிய மொழிகளில் கம்பிக்குப் பெயரான ஷிஷ் அதற்குள் ஒளிந்திருக்கிறது. போர்ச்சுகலின் எஸ்பெதாடா, குரோஷியாவின் ரஷ்ணிச்சி, பிரெஞ்சு பேசும் நாடுகளின் புரோஷெத் எல்லாம் இந்த வகைதான். வட இந்திய ஓட்டல் சீக் கபாபில் வரும் சீக்கும் பாரசீகத்தில் கம்பி. சீனாவில் படிக்கவே தெரிய வேண்டாம்: சுவான் என்கிற எழுத்து, இரண்டு கட்டங்களை நட்டநடுவே ஒரு கோடு துளைத்துக்கொண்டு இறங்குவதாக இருக்கும். சிவப்பு விளக்கில் அந்த எழுத்து எரிந்தால் உள்ளே போகலாம். பெரும்பாலும் சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிய ஆட்டுக்கறி கிடைக்கும். அது சின்ஜியாங் பக்கத்து உய்குர் மக்களின் கைப்பக்குவம்.

நம்மிடமும் இப்படி ஒரு சொல் இருந்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வைத்த விருந்தில் ‘காழிற் சுட்ட’ கொழுத்த ஊன் துண்டுகள் வருகின்றன. காழ் என்றால் கம்பி. சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுக்கித் தின்றதாகப் பொருநன் சொல்கிறான். கரி அடுப்பு முன்னால் நின்று அவசரப்பட்டு வாயில் போட்ட யாருக்கும் அது புரியும்.

இந்த வகைப் பெயரில் கறி எது என்பது சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கும். கிரீஸில் சும்மா சூவ்லாகி என்று கேட்டால் வருவது அநேகமாகப் பன்றிக்கறி. ரஷ்யப் பக்கத்து ஷஷ்லிக்கும் பல இடங்களில் அப்படித்தான். கோழி வேண்டுமென்றால் கிரீஸில் கோட்டோபூலோ என்று சேர்த்துச் சொல்லுங்கள். ரஷ்ய மொழியில் கோழி கூரிட்ஸா, ஆடு பரானினா, பன்றி ஸ்வினினா. இந்த மூன்று சொல் போதும், கருங்கடலில் ரஷ்ய மொழி புரிகிற துறைமுகங்களில் சமாளிக்கலாம்.

கிரீஸிலேயே இன்னொரு சிக்கல். பிரேயஸில் கப்பல் கட்டி ஏதென்ஸுக்குள் போனால், சூவ்லாகி என்று கேட்டதற்குப் பீட்டா ரொட்டியில் கறி, தக்காளி, வெங்காயம், தயிர்ச் சட்னி எல்லாம் சுருட்டிக் கொடுத்துவிடலாம். குச்சியோடு மட்டும் வேண்டுமானால் அங்கே கலமாகி என்று சொல்ல வேண்டும், சின்ன நாணல் என்று பொருள். அதே கலமாகியைத் தெசலோனிகி போய்க் கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஊரில் அது ஜூஸ் உறிஞ்சுகிற குழாய். அங்கே குச்சிக் கறிக்குப் பெயர் சூவ்லாகிதான். இதை வைத்து இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது தனிக்கதை. சைப்ரஸில் லிமசோல் போனால் சூவ்லா என்றே கேளுங்கள்: எலும்போடு பெரிய பெரிய துண்டு, நீளக் கம்பி, பொறுமையான நெருப்பு. அவசரமாகக் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நாளில் வேண்டாம்.

மதேராத் தீவின் ஃபுன்ஷால் துறைமுகத்தில் குச்சிக்கே மணம் உண்டு. எஸ்பெதாடாவைப் பழைய முறையில் லாரல் மரக் குச்சியில்தான் குத்துவார்கள். மாட்டுக்கறி, பூண்டு, கல்லுப்பு, அவ்வளவுதான் மசாலா. இப்போது பல கடைகளில் இரும்புக் கம்பி வந்துவிட்டது. லாரல் குச்சியா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜார்ஜியாவின் பதுமியில் மத்ஸ்வாடி கேட்டால் குச்சியைவிட விறகுதான் விசேஷம்: காய்ந்த திராட்சைக் கொடியை எரித்து அந்தத் தணலில் சுடுவார்கள்.

குச்சி என்று பெயர் இருந்தும் நெருப்பே படாமல் வருவதும் உண்டு. ஸ்பெயினில் பின்சோ மொருனோ என்றால் மசாலா தடவிச் சுட்ட கம்பிக் கறி. ஆனால் பில்பாவோ போன்ற பாஸ்க் ஊர்களில் பின்சோ என்று மட்டும் சொன்னால் ரொட்டித் துண்டின் மேல் மீனோ முட்டையோ வைத்துப் பல்குச்சி குத்திய நொறுக்குத்தீனி.

கபாப் என்பது நெருப்பு

கபாப் என்றால் வாட்டியது, சுட்டது. குச்சி அதில் இல்லை. துருக்கியில் இதை மறந்தால் என்ன வேண்டுமானாலும் தட்டுக்கு வரும். தாஸ் கெபாப் குழம்பு. தெஸ்தி கெபாப் மண்பானையில் மூடி வேகவைத்து மேசையில் உடைத்துக் கொடுப்பது. தெருவில் ‘கெஸ்தானே கெபாப்’ என்று கூவுகிறவர் விற்பது சுட்ட செஸ்ட்நட் கொட்டை. குச்சியில் வேண்டும் என்றால் ஷிஷ் என்ற சொல்லைச் சேருங்கள். குஸு ஷிஷ் ஆட்டுக்குட்டி, தவுக் ஷிஷ் கோழி. சின்ன மரக்குச்சியில் சின்னத் துண்டு என்றால் சோப் ஷிஷ். ஏகியன் கரையில் இது நன்றாக இருக்கும்.

மெர்சின் துறைமுகத்தில் கட்டினால் அதானா பக்கத்தில்தான். அதானா கெபாபில் ஷிஷ் என்ற சொல்லே கிடையாது, ஆனால் கம்பியில்தான் வரும். பிறை வடிவப் பெரிய கத்தியால் ஆட்டுக்கறியையும் வால் கொழுப்பையும் கையால் கொத்தி, பட்டையான அகலக் கம்பியில் பிடித்துச் சுடுவது. காரம் வேண்டாம் என்பவருக்கு ஊர்ஃபா. இந்தப் பட்டைக் கம்பிதான் கொத்துக்கறியின் ரகசியம். உருண்டைக் கம்பியில் பிடித்தால் திருப்பும்போது கம்பி சுற்றும், கறி சுற்றாது. கொஞ்ச நேரத்தில் கரியில் விழும்.

ஹாம்பர்க்கில் கெபாப் என்று கேட்டால் ரொட்டியில் திணித்த தோனர், அதாவது செங்குத்துக் கம்பியில் சுழலவிட்டுச் சுட்டுச் சீவிய கறி. லக்னோவின் கலோட்டியும் ஷாமியும் கபாப்தான். இரண்டும் தட்டையாகக் கல்லில் சுட்டவை. நம் ஊரில் சாயங்காலத் தள்ளுவண்டியில் சிக்கன் கபாப் என்பது எண்ணெயில் பொரித்த சிவப்புக் கோழி. கம்பியும் இல்லை, கரியும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே நினைப்போடு வெளியூரில் கேட்காதீர்கள்.

குரோஷியாவின் ரியெகாவில் செவாப்சிச்சி என்று ஒன்று உண்டு. கபாப் அந்தப் பக்கம் போய்ச் செவாப் ஆகி, குச்சியைத் தொலைத்துவிட்டு விரல் அளவுக் கொத்துக்கறியாக நிற்கிறது. குச்சி வேண்டும் என்பவருக்குத்தான் முன்னே சொன்ன ரஷ்ணிச்சி.

ஜப்பானில் உறுப்பின் பெயர் சொல்ல வேண்டும்

யாக்கி என்றால் சுட்டது, தோரி என்றால் பறவை. இங்கே பெயர் நெருப்பையும் கறியையும் இரண்டையும் சொல்லிவிடுகிறது, அதனால் கடைக்காரர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்: கோழியில் எந்த இடம்? இது நமக்குப் பழக்கமானதுதான், ஆட்டுக்கறிக் கடையில் நாம் கேட்காத இடமா? மோமோ தொடை. நெகிமா, தொடைக்கறிக்கு நடுவே வெங்காயத்தாள் மாதிரியான நெகித் தண்டு. கவா தோல். ஹாத்சு இதயம், ரெபா ஈரல், சுனகிமோ இரைப்பை. செசெரி கழுத்து. நன்கோத்சு குருத்தெலும்பு. போன்ஜிரி கோழியின் வால்முனை. கொழுப்பு சொட்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். த்சுகுனே கொத்துக்கறி உருண்டை.

அடுத்து ஷியோவா தாரேயா என்று கேட்பார்கள். ஷியோ வெறும் உப்பு. தாரே சோயா கலந்த இனிப்புக் குழம்பு. தோல், கழுத்து, இரைப்பை ஆகியவற்றுக்கு உப்பு. ஈரலுக்கும் த்சுகுனேவுக்கும் தாரே. இது என் கட்சி. உப்பில் ஆரம்பித்துத் தாரேயில் முடித்தால் நாக்கு கெடாது. நல்ல கடையில் பின்சோத்தான் என்ற கரி இருக்கும். ஓக் இனத்து மரத்தில் செய்வது, இரண்டு துண்டைத் தட்டினால் உலோகம் மாதிரி ஒலிக்கும், புகை மிகக் குறைவு. எங்கள் பக்கத்துச் சீமைக்கருவேலங்கரி பழகினவனுக்கு அதன் விலை கொஞ்சம் மூச்சடைக்கும்.

யோகோஹாமாவில் இது போதும். ஆனால் ஹொக்கைடோவின் முரோரானில் யாக்கிதோரி என்று கேட்டால் பன்றிக்கறியும் வெங்காயமும் குத்தி, இனிப்புத் தாரேயும் கடுகு விழுதும் வைத்துத் தருவார்கள். உருக்காலை ஊர், அங்கே வழக்கம் அப்படி. இமாபாரியில் குச்சியே கிடையாது. கோழியை இரும்புக் கல்லில் அழுத்திச் சுடுவார்கள், பெயர் யாக்கிதோரிதான். பன்றி சாப்பிடாதவர்கள் ‘புத்தா’ என்ற சொல்லைக் காதில் வாங்கப் பழகுங்கள். ஒசாகாவின் குஷிகாத்சு குச்சியில் வரும், ஆனால் மாவில் தோய்த்துப் பொரித்தது. பொதுக் கிண்ணத்துக் குழம்பில் ஒரு தடவைதான் தோய்க்க வேண்டும். கடித்ததை மறுபடி தோய்த்தால் அதட்டுவார்கள்.

சாத்தே

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் சாத்தே என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். இது நம் ‘சதை’யிலிருந்து போனது என்று அங்கே சொல்வார்கள். சீனர்கள் ஹொக்கியன் மொழியில் மூன்று துண்டு என்பதுதான் மூலம் என்பார்கள். இரண்டுக்கும் பத்திரம் கிடையாது. கடை முன்னால் நின்று வாதாடினால் கறி ஆறிவிடும்.

சிங்கப்பூரில் லாவ் பா சாட் உணவுச் சந்தைப் பக்கம் போங்கள். சாயங்காலம் 7 மணிக்கு மேல் பூன் தாட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் மேசை போடுவார்கள். ஒன்று இரண்டு என்று கேட்க முடியாது, பல கடைகளில் பத்துக் குச்சிதான் குறைந்த கணக்கு. ஆயாம் கோழி, காம்பிங் ஆடு. டாகிங் என்றால் அகராதியில் வெறும் இறைச்சி, ஆனால் மலாய்க் கடையில் டாகிங் என்றால் மாடு. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது மறக்கக் கூடாது. பன்றிக்கறிச் சாத்தே ஹைனான் சீனர் கடைகளில் உண்டு. வேர்க்கடலைக் குழம்பின் மேல் அன்னாசி மசித்து ஊற்றியிருந்தால் அது அந்தக் கடை. மலேசியாவில் சாத்தேக்கென்றே பேர் வாங்கிய ஊர் சிலாங்கூரின் காஜாங். துண்டு பெரிதாக இருக்கும். கூடவே வெள்ளரிக்காய், வெங்காயம், ஓலையில் பின்னி அவித்த கெத்துப்பாட் சோறு.

இந்தோனேசியாவுக்குள் போனதும் வேர்க்கடலைக் குழம்பு கட்டாயம் என்ற எண்ணத்தை இறக்கி வையுங்கள். சுரபாயாவில் கட்டினால் மதுரா சாத்தே, அதில் கடலையும் இனிப்புச் சோயாவும் உண்டு. (நம் மதுரை இல்லை, எதிர்க்கரையில் இருக்கிற தீவு.) பாடாங் சாத்தேயில் அரிசி மாவு போட்டுக் கெட்டியாக்கிய மஞ்சள் குழம்பு, கறி மாட்டுக்கறியோ மாட்டு நாக்கோ. பாலியின் சாத்தே லிலிட், அரைத்த மீனையோ கறியையோ எலுமிச்சைப்புல் தண்டிலோ மூங்கில் குச்சியிலோ பிடித்துச் சுடுவது. யோக்யகர்த்தாப் பக்கத்துச் சாத்தே கிளாத்தாக் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. ஆட்டுக்கறி, உப்பு, வேறெதுவும் அதிகமில்லை. குச்சிக்குப் பதில் சைக்கிள் சக்கரக் கம்பி! இரும்பு சூட்டை உள்ளே கொண்டுபோவதால் கறி நடுவிலிருந்தும் வேகும். தொட்டுக்கொள்ளக் குழம்பு தனியாக வரும்.

சாத்தே கப்பலேறியும் போயிருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கேப் டவுனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களோடு சேர்ந்து அது அங்கே சொசாத்தி ஆனது: கறித்தூள், உலர்ந்த ஆப்ரிகாட், புளிப்பும் இனிப்புமாக ஊறவைத்த ஆட்டுக்கறி. ரோட்டர்டாமில் சாத்தே என்றால் தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் பக்கத்தில் படுத்திருக்கும். வியட்நாமில் சா தே என்று பாட்டிலில் எழுதியிருப்பது எலுமிச்சைப்புல்லும் மிளகாயும் சேர்ந்த எண்ணெய் விழுது. கறியும் இல்லை, குச்சியும் இல்லை.

கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர், நைஜீரியாவின் சுயா. சாத்தேயில் கடலை கிண்ணத்தில் இருக்கும், தொடாமல் தப்பிக்கலாம். சுயாவில் அது கறியிலேயே இருக்கிறது. எண்ணெய் பிழிந்த கடலைப் புண்ணாக்கு, இஞ்சி, மிளகாய் எல்லாம் இடித்த யாஜி என்ற பொடியை மெல்லிசாக அரிந்த மாட்டுக்கறியில் அப்பித்தான் சுடுவார்கள். ஹௌசா மக்களின் தொழில் இது; சுடுகிறவருக்கு மாய் சுயா என்று பெயர். லாகோஸில் நான் வெளியே இறங்குவதில்லை. ஏஜென்ட் ஆள் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவருவார், பச்சை வெங்காயத்தோடு. மேலே இன்னும் கொஞ்சம் யாஜி தூவச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பெருவின் கயாவோவில் அந்திகுச்சோ என்று மட்டும் கேட்டால் மாட்டு இதயம்தான் வரும். வினிகர், பூண்டு, சீரகம், சிவந்த ஆஹி மிளகாய் விழுதில் ஊறினது, அவித்த உருளைக்கிழங்கு பக்கத்தில். ரப்பராக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். சரியாகச் சுட்டால் தொடைக்கறியைவிட மிருது. கோழி வேண்டுமென்றால் ‘தே போயோ’ என்று சேருங்கள், சில வண்டிகளில் உண்டு.

கப்பலிலேயே செய்யும்போது

எங்கள் தளத்தில் பார்ட்டி வைத்தால் பெயர்ப் பலகை எழுதுவதில்தான் அரசியல். பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் பார்பிக்யூ என்றாலே குச்சியில் குத்திய பன்றிக்கறி. சோயா, கலமன்சி எலுமிச்சை, வாழைப்பழக் கெச்சப், கொஞ்சம் ஸ்பிரைட் ஊற்றி ஊறவைக்க வேண்டும், கேட்காமலே போசன் (தளத் தொழிலாளர்களின் தலைவர்) வந்து ஊற்றிவிட்டுப் போவார். அவர்கள் ஊர்த் தெருவில் குச்சிக் கறிக்கு வைத்திருக்கும் பெயர்கள் அலாதி: கோழிக்கால் அடிடாஸ், உறைந்த ரத்தக் கட்டி பீட்டாமேக்ஸ், கோழித்தலை ஹெல்மெட். குடலுக்கு மட்டும் ஒழுங்காக இசாவ் என்று பெயர். உக்ரைன் அதிகாரிகளுக்கு ஷஷ்லிக் என்று எழுதினால் வெங்காயமும் வினிகரும் தெரிய வேண்டும், மிளகாய் தெரியக் கூடாது. நம் ஆட்களுக்குச் சீக் என்றோ டிக்கா என்றோ எழுதலாம். டிக்கா என்றால் துண்டு, அதனால் கொத்துக்கறிக்கு அந்தப் பெயரைப் போடாதீர்கள், பஞ்சாபி எஞ்சினியர் விட மாட்டார்.

மூங்கில் குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் பிடி முதலில் எரியும். துண்டுகளை ஒட்டியும் ஒட்டாமலும் குத்துங்கள். நெருக்கினால் நடுவில் வேகாது. இரண்டு கறிக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டு. காய்களைத் தனிக் குச்சியில் குத்துங்கள், குடைமிளகாயும் கறியும் ஒரே நேரத்தில் வெந்ததாகச் சரித்திரம் இல்லை. காற்று வாட்டம் பார்த்து அடுப்பை வையுங்கள். டெக்கில் தீப்பொறி பறந்தால் அப்புறம் சீஃப் ஆபீசருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சாப்பிடும் முறையிலும் ஊர் பார்க்க வேண்டும். துருக்கியில் மெல்லிய ரொட்டியால் பிடித்து ஒரே இழுப்பில் கம்பியை உருவலாம். ஜப்பானில் சுடுகிறவர் கண்முன்னே முள்கரண்டியால் துண்டுகளைத் தள்ளி எடுத்தால் அவர் முகம் மாறும், குச்சியிலிருந்தே கடியுங்கள். சிங்கப்பூரில் காலிக் குச்சியால் வெள்ளரிக்காயையும் சோற்றுக் கட்டியையும் குத்தி எடுக்கலாம். மலாக்காவில் சாத்தே செலுப் என்று, கொதிக்கிற கடலைக் குழம்பில் நாமே குச்சியை முக்கி வேகவைக்கிற கடைகள் உண்டு. அங்கே காலிக் குச்சியைக் கீழே போடாதீர்கள், பக்கத்து மேசைப் பக்கமும் தள்ளாதீர்கள். எழுந்திருக்கும்போது குச்சியை எண்ணித்தான் பில் போடுவார்கள்.